கோ-கார்ட்டைக் குட்டிக் கார் என்று நினைத்தால்

தடத்தில் ஓட்டுகிற தாழ்வான, திறந்த குட்டிப் பந்தய வண்டிதான் கோ-கார்ட். முதன்முதலில் அதை ஓட்டப் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் பைக்கில் சாய்கிற மாதிரி உடம்பை உள்பக்கம் சாய்த்தேன். இறங்கும்போது விலா வலித்தது. நேரப் பட்டியலைப் பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என்னைவிட லேப்புக்கு (தடத்தின் ஒரு சுற்றுக்கு) மூன்று நொடி முந்தியிருந்தான். 'பையன் எடை குறைவு, அதான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்த வண்டி எப்படித் திரும்புகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை என்பது மீதிப் பாதி.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. கார்ட்டில் அது கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சில் தண்டில் பூட்டியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும். அதைத் திருப்ப ஒரே வழி, உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு இம்மியளவு எழும்புவது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்பக்க முன்சக்கரம் கீழ்நோக்கி அழுத்தும்படி முன்பாகத்தை அமைத்திருப்பார்கள். சஸ்பென்ஷனும் இல்லாததால் குழாய்ச் சட்டமே கொஞ்சம் முறுகி, பின்னால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிவிடும். நான் சாய்ந்து சாய்ந்து செய்தது என்ன? எழும்ப வேண்டிய சக்கரத்தை அழுத்தி உட்கார வைத்தேன். முதுகு சீட்டோடு ஒட்டி நிமிர்ந்து இருந்தாலே போதும்.

அடுத்தது, பின்பக்கத்தைச் சறுக்கவிடுவது. வேகமாகப் போவது போலத் தோன்றும், வேடிக்கை பார்ப்பவர்களும் கை தட்டுவார்கள். ஆனால் என்ஜின் சத்தத்தைக் கேளுங்கள்: சறுக்கும்போது குரல் அமுங்கி முனகும், வளைவைவிட்டு வெளியே வந்த பிறகும் திரும்ப எழுந்திருக்க நேரம் எடுக்கும். வாடகை கார்ட்டின் சின்ன நான்கு ஸ்ட்ரோக் என்ஜினிடம் இழந்த வேகத்தை மீட்கும் தெம்பு இல்லை. அந்த முனகல் கேட்காமல் ஓட்டுகிறவர்தான் பட்டியலில் மேலே இருப்பார்.

பிரேக் விஷயத்தில் நம் ஊர் ஆட்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. கார்ட்டில் இடதுகாலுக்கு பிரேக், வலதுகாலுக்கு ஆக்சிலரேட்டர். கியர் கார் ஓட்டிப் பழகிய இடதுகாலுக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்ச்சை ஒரே மிதியாக மிதிப்பதுதான். வாடகை கார்ட்டில் பிரேக் பின் ஆக்சிலுக்கு மட்டும் என்பதால், வளைவுக்குள் அப்படி மிதித்தால் வண்டி சுழன்று வந்த திசையைப் பார்த்து நிற்கும். நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துவிட்டுத் திருப்புங்கள். இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கவும் வேண்டாம், பெடல் இல்லாமல் தானாக வேலை செய்யும் கிளட்ச் தீய்ந்துபோகும்.

பல கார்ட்டுகளில் சீட் பெல்ட் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்றும் கூண்டு அந்தக் கார்ட்டுகளில் இல்லை. வண்டியோடு கட்டிப்போடுவதுதான் ஆபத்து. உண்மையில் பயப்பட வேண்டியது முதுகுக்குப் பின்னால் சுற்றும் ஆக்சிலுக்கு. அதில் தலைமுடி சிக்கி இந்தியாவில் உயிரே போயிருக்கிறது. முடியை முடிந்து ஹெல்மெட்டுக்குள் விடுங்கள். துப்பட்டாவை வெளியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், 'ஒரு ரவுண்டுதானே' என்று யார் சொன்னாலும் சரி.

இனி பெற்றோர் செய்கிற தவறுகள். கார்ட்டிங் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்பது ஒன்று. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டும் எந்திரத்தின் என்ஜினை வைத்து முதல் கார்ட்டைச் செய்தபோது அது பெரியவர்களின் பொழுதுபோக்கு. ஃபார்முலா ஒன் பட்டங்களை வென்ற பிறகும் ஷூமாக்கர் 2001இல் ஜெர்மனியின் கெர்பனில் கார்ட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் போட்டியிட்டார்.

இதற்கு நேரெதிர்த் தவறு, கார்ட்டில் ஏறினால் ஃபார்முலா ஒன் நிச்சயம் என்ற கணக்கு. 2013இல் கியர் கார்ட்டில் உலகப் பட்டம், 2015இல் ஃபார்முலா ஒன் என்று போன வெர்ஸ்டாப்பனைக் காட்டித்தான் பலரும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அவருடைய அப்பாவே ஃபார்முலா ஒன் ஓட்டியவர் என்பதை விட்டுவிடுகிறார்கள். நம் கோவை நரேன் கார்த்திகேயனோ 1992இல் பிரான்சில் ரேஸிங் பள்ளி, பிறகு ஃபார்முலா மாருதி என்ற இந்தியக் கார் பந்தயம் என்று வேறு பாதையில் போய் 2005இல் ஃபார்முலா ஒன்னை எட்டினார். இன்றைக்குக் கார்ட்டுக்கு வழக்கமான அடுத்த படி, தொடக்கநிலை ஃபார்முலா கார் பந்தயமான ஃபார்முலா ஃபோர். அதற்குப் பதினைந்து வயது ஆக வேண்டும். அதுவரை கார்ட்டில் கற்க நிறையவே இருக்கிறது.

அப்புறம், சொந்தக் கார்ட் வாங்குகிற அவசரம். வாடகை கார்ட்டில் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி ஓடும். அதில் எடுத்த ஒரு நல்ல லேப்பை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். எந்த வண்டியில் ஏறினாலும் அதில் ஓட்டும் பத்து லேப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். எடை குறைவு என்பதையும் நம்ப வேண்டாம். போட்டிகளில் ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை உண்டு. குறைந்தால் சீட்டில் ஈயக்கட்டியைப் பூட்டிவிடுவார்கள், ஒல்லிப் பையனுக்கு அங்கே சலுகை இல்லை.

வாங்குவது என்றே முடிவானால், பள்ளிச் சீருடை எடுப்பதுபோல 'வளர்கிற பிள்ளைதானே' என்று பெரிய சீட்டாக வாங்கிவிடாதீர்கள். ஓடுகிற கார்ட்டின் மொத்த எடையில் கணிசமான பங்கு ஓட்டுபவரின் உடம்பு. அது சீட்டுக்குள் உருண்டால் எந்தச் சக்கரம் எப்போது எழும்பும் என்பதே தாறுமாறாகிவிடும். இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற சீட்டும், விலாக் கவசமும் முதலில். என்ஜினைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.