எஸ்பிஎம் வருடத்தில் சப்பாத்தை ஒளித்து வைக்காதீர்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் 22 வருடமாகக் கூடுதல் கணிதம் டியூஷன் எடுக்கிறேன். எஸ்பிஎம் என்பது மலேசியாவில் இடைநிலைப் பள்ளியின் கடைசி வருடமான படிவம் ஐந்தில் எழுதும் அரசாங்கத் தேர்வு. அந்தப் படிவம் தொடங்கியதும் அம்மாக்கள் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "டீச்சர், இந்த வருஷம் எஸ்பிஎம். பூப்பந்து, காற்பந்து எல்லாம் நிறுத்தியாச்சு." பிள்ளை பக்கத்தில் தலை குனிந்து நிற்கும்.

என் அக்காவும் அதையே செய்தார். மகனுடைய பூப்பந்து மட்டையையும் சப்பாத்தையும் துணி அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டார். பையன் மேசையில் உட்காரும் நேரம் கூடியது. ஆனால் இரவு பன்னிரண்டு வரை தூக்கம் வராமல் புரள்வான், காலையில் எழுப்ப முடியாது, பள்ளியில் மூன்றாவது பாடத்திலேயே கண் சொக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நாற்காலி போட்டு ஏறி மட்டையை இறக்கிக் கொடுத்தேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லா மதிப்பெண்ணும் ஏறியது என்று சொல்லமாட்டேன். தூக்கம் மட்டும் அந்த வாரமே திரும்பி வந்தது. மற்றவை மெதுவாக வந்தன.

அன்றிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகளின் கால அட்டவணையை நானே போட்டுக் கொடுக்கிறேன். அதில் உடற்பயிற்சியும் ஒரு பாடம்தான். படித்து முடித்தால் கொடுக்கும் பரிசாக அதை வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அவசரம் வரும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அறுபது நிமிடமும் ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நடப்பது, மாடிப்படி ஏறுவது, மாலையில் ஒரு ஆட்டம், எல்லாமே கணக்கில் சேரும். வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம்.

அடுத்தது நேரம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, இரண்டரை மணிக்கு மேல் மனப்பாடம் செய்ய வேண்டியதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். வரலாறு, உயிரியல் சொற்கள், அந்த மாதிரி. ஆறு, ஆறரைக்கு விளையாடப் போகட்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், படங்கள் எந்த இடத்தில் இருந்தன என்று 72 பேரை நினைவில் வைக்கச் சொன்னார்கள். படித்து நாலு மணி நேரம் கழித்து உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது மற்றவர்களைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. படித்த உடனே செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஆய்வை வைத்து வாழ்க்கையை மாற்ற வேண்டாம், சரி. ஆனால் பினாங்கில் மூன்று மணி வெயிலில் எப்படியும் ஓட முடியாது, சாயங்காலம்தான் ஓட முடியும். அட்டவணை தானாகவே பொருந்துகிறது.

கணக்கு மாதிரி யோசித்துப் போட வேண்டிய பாடம் என்றால் வேறு முறை. உட்காருவதற்கு முன்னால் இருபது நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு வரட்டும். அமெரிக்காவில் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிடம் நடந்த பிறகு கவனச் சோதனையிலும் வாசிப்புத் தேர்விலும் அவர்கள் மேலாகச் செய்தார்கள். என்னிடம் எட்டு மணி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவர்களைக் காரில் கொண்டுவந்து விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நடந்தே வரட்டும், இருட்டிவிட்டதே என்று கவலையாக இருந்தால் நீங்களும் கூட நடந்து வாருங்கள்.

அப்புறம் இடைவேளை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மணி 8.40. ஒரு பெண்பிள்ளை இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். மேல் வரியில் கழித்தல் மூன்று எக்ஸ், கீழ் வரியில் கூட்டல் மூன்று எக்ஸ். விடை வரவில்லை. அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அதே கூட்டல். தாள் தேய்ந்து மங்கலாகிவிட்டது, மேசை முழுக்க ரப்பர் தூள். எங்கே தவறு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "பென்சிலை வை. மூணாவது மாடி வரைக்கும் ரெண்டு தடவை ஏறி இறங்கிட்டு வா" என்றேன். மூச்சு வாங்க வந்தாள், காது சிவந்திருந்தது, தண்ணீர் குடித்தாள். நின்றுகொண்டே தாளைக் குனிந்து பார்த்து, "ஐயோ டீச்சர், குறி!" என்றாள்.

எல்லா நாளும் இப்படி நடக்காது. ஆனாலும் 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடப் படியேற்றம் இப்போது எங்கள் வகுப்பு வழக்கம். மின்தூக்கி கிடையாது, கைத்தொலைபேசியும் கிடையாது. இடைவேளையில் கைத்தொலைபேசியைப் பார்த்தால் கண்ணுக்கும் மூளைக்கும் அது இடைவேளையே இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். ஆறு மாதமாக ஓடாத பிள்ளை அன்றைக்கு ஓடினால் மறுநாள் கால் வலியோடுதான் தேர்வு மண்டபத்தில் உட்காரும். தேர்வு நாள் காலை, பசியாறிவிட்டுப் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடுமையான ஆட்டம் கூடாது. பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது ஞாபகத்தில் உறைவது அந்தத் தூக்கத்தில்தான்.

இனிப் பெற்றோருக்கு. பிள்ளையைத் திடலுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் காரில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். என் அப்பாவுக்கு அதனால் ஒரு கால் விரல் போனது. ஆகவே இதை நான் சும்மா சொல்லவில்லை.

தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாயாமல் பதினைந்து நிமிடம் நடங்கள், மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகம் வேண்டும் என்பதே வழிகாட்டி. அதாவது வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் உடனே நின்று அதைச் சாப்பிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களையும் விடாதீர்கள். 120 முதியவர்களை ஒரு வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடந்தவர்களின் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஏறக்குறைய 2 விழுக்காடு வளர்ந்தது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள், வீட்டுக்குள் கயிறு தாண்டலாம். மழை பெய்தால் மாடிப்படி இருக்கிறது.

ஞாயிறு காலை எங்கள் கூட்டம் தண்ணீர்மலைக்குப் போகும். தாவரவியல் பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, முருகன் கோவில் படிகளில் ஏறுவோம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். முதல் தடவை வருபவர்கள் பாதியில் உட்கார்ந்து விடுவார்கள், நானும் அவர்களோடு உட்காருவேன். வருவதென்றால் ஏழரைக்கெல்லாம் பூங்கா வாசலில் இருங்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். தண்ணீர் கொண்டு வாருங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வராதீர்கள், பூங்காக் குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும்.