ஒயிலில் கலக்கும் சிறு போத்தல்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உராய்வைக் குறைக்கும், பெற்றோலை மிச்சப்படுத்தும் என்று சொல்லி எஞ்சின் ஒயிலோடு கலப்பதற்காக விற்கப்படும் சிறு போத்தல்களை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உதிரிப்பாகக் கடைகளில் காணலாம். அதற்குப் பணம் கொடுக்குமுன், ஊற்றப்போவது எந்த வாகனத்துக்கு என்பதை முதலில் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு என்றால் வாங்க வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினும் கியரும் கிளச் தட்டுகளும் ஒரே ஒயிலில்தான் ஊறிக்கிடக்கின்றன. கிளச் பிடிப்பதே உராய்வினால்தான் என்பதால், போத்தல் சொன்னபடி வேலை செய்யுமானால் முதலில் வழுக்கப்போவது கிளச்தான். ஒயில் கலனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற ஜப்பானியத் தரக்குறி அச்சிடப்பட்டிருப்பது, இத்தகைய நனைந்த கிளச்சுக்கு அது ஏற்றது என்பதற்கான அடையாளம். கிளச் ஒயிலில் நனையும் முச்சக்கர வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கார், வான் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியது வேறு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் தண்டு தாங்கப்படும் இடத்தில், எஞ்சின் ஓடும்போது உலோகம் உலோகத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை; நடுவே ஒயில் படலம் தாங்கி நிற்கிறது, அங்கே உராய்வைத் தீர்மானிப்பது ஒயிலின் தடிப்புத்தான். வால்வுகளைத் திறக்கும் கேம் அழுத்தும் இடத்திலும், பிஸ்டன் மேலேறித் திரும்பும் கணத்தில் அதன் வளையங்களிலும்தான் முக்கியமாகப் படலம் மெலிந்து உலோகங்கள் உரசுகின்றன. அந்த இடங்களுக்காகவே துத்தநாகமும் பொஸ்பரசும் அடங்கிய சேர்மங்களை ஒயில் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே அளந்து சேர்த்திருக்கிறார்கள். பல ஒயில்களில் மொலிப்டினமும் இருக்கிறது. இவையெல்லாம் ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுபவை என்பதால், வெளியிலிருந்து மேலும் ஒன்றை ஊற்றும்போது உள்ளே இருப்பதன் வேலை கெடவும் கூடும்.

சுழலும் வளையத்தின்மீது ஓர் உருளையை அழுத்தி, போத்தலில் உள்ளதைச் சொட்டியதும் வளையம் நிற்காமல் சுழல்வதை விற்பவர்கள் காட்டும் செய்முறை கண்ணைக் கவரும். அது மிகையழுத்தச் சோதனை. உங்கள் எஞ்சினுக்குள் நிலவும் நிலைமை அதுவல்ல. அத்தகைய அழுத்தத்தில் சிறப்பாக வேலை செய்யும் குளோரின் சேர்மங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் அமிலமாக மாறி உள்ளுறுப்புகளை அரிக்கக்கூடியவை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1996இல் ஸ்லிக் 50 என்னும் கலவையின் விளம்பரக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரமில்லை என்று நடவடிக்கை எடுத்தது. அடுத்த ஆண்டு அது உடன்பாட்டில் முடிந்தது.

அப்படியும் சோதித்தே பார்க்க வேண்டும் என்பவர்கள், ஒயில் மாற்றும் அன்றே போத்தலையும் ஊற்றிவிடக் கூடாது. ஊற்றினால் புது ஒயிலின் பலனும் போத்தலின் கணக்கில் சேர்ந்துவிடும். (விற்பவருக்கு அது வசதிதான்.) ஒயிலை மாற்றி, போத்தல் இல்லாமலே மூன்று தடவையாவது தாங்கியை நிரப்பி ஓடி, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கொப்பியில் எழுதுங்கள், பிறகு ஊற்றி, மீண்டும் மூன்று தடவை எழுதுங்கள். ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், முதற்தடவை தானாக நிற்கும் இடம்வரை மட்டும் அடித்து, ரயர் காற்றையும் ஒரே அளவில் வைத்து, மட்டக்களப்பு–கல்முனை போல ஒரே வழியில் ஓட வேண்டும். கச்சான் காற்று பலமாக வீசும் நாளையும் காற்று அடங்கிய நாளையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். நல்ல கலவையாலும் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் மிச்சம் கிடைப்பது அரிது. உங்கள் மூன்று அளவீடுகளுக்கிடையிலேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்குமானால், போத்தலால் பயன் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

இந்தப் பகுதியில் கடற்கரை மணலும் வயல்வெளித் தூசியும் எஞ்சினைத் தேய்க்கக்கூடியவை. எயார் பில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், கையேட்டில் சொன்ன தடிப்புள்ள ஒயிலைச் சொன்ன தூரத்தில் மாற்றுவதும் போத்தலைவிட அதிக பலன் தரும். மாரி வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால், சாவியைத் திருப்புமுன் ஒயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள்; ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினை இயக்காமல் கட்டியிழுத்தே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.