எல்ஜிஏ 775 ப்ராசஸர்: சாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய எல்ஜிஏ 775 (இன்டெல் ப்ராசஸர்களுக்கான ஒரு சாக்கெட் வகை) ப்ராசஸர் வாங்கும் முன், அதன் மூடியில் ‘எஸ்எல்’ என்று தொடங்கும் குறியீட்டையும் மதர்போர்டின் மாடல், ரிவிஷன் எண்களையும் குறித்துக்கொண்டு, போர்டு தயாரிப்பாளரின் சிபியு பட்டியலில் தேடுங்கள்.

2004-இல் பென்டியம் 4-க்கு வந்த அதே சாக்கெட்டில்தான் 2006-இல் கோர் 2 டுவோவும் வந்தது. ஆனால் அதற்கேற்ற மின்னழுத்தச் சுற்றும் பயாஸும் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பெரும்பாலான 915 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்கள்) போர்டுகளில் கிடையாது. சிப் அழகாக உட்காரும், திரையில் ஒன்றும் வராது. பட்டியலில் உள்ள குறைந்தபட்ச பயாஸ் பதிப்பையும் கட்டாயம் பாருங்கள். அப்டேட் செய்ய, அந்தப் போர்டில் ஏற்கெனவே ஓடும் ப்ராசஸர் ஒன்று பெரும்பாலும் தேவைப்படும்.

1990-களின் சாக்கெட் 7 காலத்துப் போர்டு என்றால் இந்த வழி அவ்வளவாக உதவாது. அங்கே ஜம்பர் (மின்னழுத்தம் போன்றவற்றை அமைக்க போர்டில் மாற்றிச் செருகும் சிறு இணைப்பி) அட்டவணைதான் கணக்கு: பென்டியம் எம்எம்எக்ஸ் ப்ராசஸருக்கான 2.8 வோல்ட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.