ரெனாட்டா டெபால்டியைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பாம்பன், மண்டபம் பக்கம் காற்று பலமாக வீசும் மாதங்களில் திண்ணையில் அமர்ந்து இத்தாலிய ஓபரா (இசை நாடகம்) பாடகியான டெபால்டியைக் கேட்க வேண்டாம்; குரலை அவர் மிக மெல்லியதாக்கும் இடங்களே இவருடைய கலையின் உச்சம் என்பதால், கதவை அடைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள்.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். 1922இல் இத்தாலியின் பெசாரோவில் பிறந்த டெபால்டி, சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1944இல் ரொவீகோவில் மேடையேறினார். போரில் சேதமடைந்த மிலானின் லா ஸ்காலா அரங்கு 1946இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் டோஸ்கனீனி நடத்திய கச்சேரியில் பாடினார். 1955இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், வெர்டியின் 'ஒதெல்லோ' ஓபராவின் நாயகி டெஸ்டெமோனாவாக அறிமுகமாகி, 1973இல் அதே வேடத்துடன் அங்கிருந்து விடைபெற்றார். 2004இல் காலமானார்.

அடுத்து, புச்சினியின் 'லா போயெம்' ஓபராவை அவர் 1951இலும் 1959இலும் முழுமையாகப் பதிவு செய்திருப்பதால், ஒரே பகுதியை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இராமேசுவரம் கோயில் நாகசுரத்தில் ஊறிய செவி இங்கும் கமகத்தைத் தேடும். அதை விட்டுவிட்டு, ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே ஒலியை அவர் எப்படிப் பெருக்கிக் குறைக்கிறார் என்று கவனியுங்கள். ஓபரா அரங்கில் மைக் இல்லாமல், முழு வாத்தியக் குழுவையும் தாண்டி ஒலிக்க வேண்டிய குரல் இது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1963இல் குரல் தளர்ந்ததால் மேடையிலிருந்து விலகி, பயிற்சி செய்து 1964இல் திரும்பினார். அதன் பிறகு, 1967இல் பதிவான 'லா ஜொகோண்டா' ஓபராவைக் கேளுங்கள்: மென்மை குறைந்திருக்கும், ஆனால் கீழ்ச்சுரங்களின் கனம் என்னை இன்றும் உலுக்குகிறது.