நர்சிங் சிமுலேஷனில் டியூட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஜ நோயாளி இல்லாமல் நர்சிங் மாணவிகள் பழகும் ஸ்கில் லேபில் பிரசவமாகி ஒரு மணி நேரமான தாய் படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பிபி 110/70, பல்ஸ் 118. மாணவி பிபியைக் குறித்துக்கொண்டு நிம்மதியாகிறாள். உடனே டியூட்டர், "பல்ஸைப் பார்த்தியாம்மா?" என்கிறார். அந்த ஒரு கேள்வியில் பயிற்சி வீணாகிவிட்டது.

இளம் தாய்க்கு ரத்தம் போகும்போது பெரும்பாலும் முதலில் ஏறுவது பல்ஸ்தான். பிபி இறங்குவதற்குள் நிறைய ரத்தம் போயிருக்கும். பரீட்சையில் இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். கட்டிலருகே அது தானாகக் கண்ணில் பட வேண்டும். நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டேனர் 2006இல் நர்ஸின் தீர்மானத்தைக் கவனித்தல், பொருள் புரிதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல் என்று நான்காகப் பிரித்தார். முதல் படியை நாமே செய்து கொடுத்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது கைவேலை மட்டும்.

கவனிக்கவில்லையா? விடுங்கள். அடுத்து பல்ஸை 130 ஆக்குங்கள், பிபியை 90/60க்கு இறக்குங்கள். போர்வையை விலக்கிப் பேடைப் பார்க்கிறாளா, கருப்பை தளர்ந்திருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாளா? அதுவரை வாயைத் திறக்காமல் நிற்பது நமக்குத்தான் கஷ்டம். ஆனால் இங்கே தவறவிட்டால் யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

சமவெளிக்கு எழுதிய கேஸை அப்படியே மலைக்குக் கொண்டுவருவது அடுத்த தவறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமானவருக்கே இங்கே சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 93, 94 சதவீதம் என்று காட்டுவது உண்டு. சமவெளி எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவள் வீணாகப் பதறுவாள். "மலையில இப்படித்தான்" என்று பழகியவள் நிமோனியாவைக் கோட்டைவிடுவாள். அதனால் ஒரே 93ஐ இரண்டு கேஸில் வையுங்கள்: ஒருவர் சாதாரணமாகப் பேசுகிறார், மற்றவர் நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்குகிறார். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய்) இருப்பதால், அந்த வலியோடு வரும் ஒருவரும் கேஸ்களில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம், "டாக்டருக்குச் சொல்லிட்டேன்" என்றதும் காட்சியை முடித்துவிடுகிறோம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழையில் மண் சரிந்தால் 108 ஆம்புலன்ஸும் நிற்கத்தான் வேண்டும். அந்த இடைவெளியில் அவள் என்ன செய்கிறாள், போனில் என்ன சொல்கிறாள் என்பதையும் நடத்திப் பாருங்கள். "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காங்க டாக்டர்" என்றால் மறுமுனையில் யாருக்கும் ஒன்றும் புரியாது.

காட்சி முடிந்ததும் நடந்ததைப் பேசிப் பார்க்கும் டீப்ரீஃபிங்கை ஐந்து நிமிடத்தில் முடிப்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. காட்சி 10 நிமிடம் என்றால் பேச்சு குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். "ஏன் செய்யல?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்வாள். "பிபியைப் பார்த்ததும் மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேளுங்கள், சொல்வாள். மார்க் நோட்டை அன்று வெளியே எடுக்க வேண்டாம்.

விலை உயர்ந்த மேனிகின் (பயிற்சிப் பொம்மை) வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு மாணவி தாயாகப் படுத்துக்கொள்ளட்டும். சிவப்புச் சாயத்தில் நனைத்த பேடும், பல்ஸ், பிபி எழுதிய துண்டுச் சீட்டுகளும் இருந்தால் இந்தக் கேஸை நாளைக்கே நடத்திவிடலாம்.