கலப்பு எண்களைப் பெருக்கும்போது காணாமல் போகும் இரண்டு துண்டுகள்

பின்னங்களைக் கூட்டுவதைவிடப் பெருக்குவது சுலபம். பொதுப் பகுதி தேடத் தேவையில்லை. தொகுதியைத் தொகுதியால் பெருக்கி மேலே எழுதுங்கள், பகுதியைப் பகுதியால் பெருக்கிக் கீழே எழுதுங்கள். 2/3 × 4/5 என்றால் 8/15. அவ்வளவுதான்.

இவ்வளவு சுலபமான கணக்கில் பிள்ளைகள் ஏன் புள்ளியை விடுகிறார்கள்? கூட்டலில் கைவந்த பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். கலப்பு எண்களை, அதாவது 3½ போல முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தவற்றை, கூட்டும்போது முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் சேர்த்தால் விடை சரியாக வரும். அதே வேலையைப் பெருக்கலில் செய்தால் விடையில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். எது போகிறது என்பதைப் பிள்ளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். வெறும் விதியாகச் சொன்னால் அடுத்த வாரமே மறந்துவிடும்.

நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டு வளவில் கீரைப் பாத்தி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 3½ மீற்றர், அகலம் 2⅓ மீற்றர். பரப்பளவு என்ன? வழக்கமாக வரும் பிழையான விடை இப்படி இருக்கும்: 3 × 2 = 6, ½ × ⅓ = ⅙, ஆகவே 6⅙ சதுர மீற்றர்.

இப்போது சதுரக் கொப்பியை எடுங்கள். ஒரு மீற்றருக்கு 6 கட்டம் வைப்போம். 6 ஏனென்றால் அது 2ஆலும் 3ஆலும் மீதியின்றிப் பிரிபடும். அரை மீற்றர் 3 கட்டம், மூன்றில் ஒரு மீற்றர் 2 கட்டம். பாத்தி 21 கட்டம் நீளமும் 14 கட்டம் அகலமுமான செவ்வகமாக வரும். நீளத்தில் 18ஆவது கட்டம் முடியும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அகலத்தில் 12ஆவது கட்டம் முடியும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு. செவ்வகம் நான்கு துண்டாகும்:

3 × 2 = 6
3 × ⅓ = 1
½ × 2 = 1
½ × ⅓ = ⅙

மொத்தம் 8⅙. பிழையான விடையில் முதல் துண்டும் கடைசித் துண்டும் மட்டுமே இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டையும் யாரும் எண்ணவேயில்லை, இரண்டு சதுர மீற்றர் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் கட்டங்களையே எண்ணிப் பார்க்கலாம்: 21 × 14 = 294. ஒரு சதுர மீற்றருக்கு 36 கட்டம். 294ஐ 36ஆல் வகுத்தால் 8, மீதி 6. அந்த 6/36 தான் ⅙.

ஒவ்வொரு தடவையும் நான்கு துண்டு போட்டுக் கூட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அதனால்தான் பெருக்கமுன் கலப்பு எண்ணை முறைமையில்லாப் பின்னமாக, அதாவது தொகுதி பகுதியைவிடப் பெரிதாக உள்ள பின்னமாக, மாற்றுகிறோம். முழு எண்ணைப் பகுதியால் பெருக்கி, தொகுதியைக் கூட்டி, பழைய பகுதியையே கீழே எழுத வேண்டும். 3½ என்றால் 3 × 2 + 1 = 7, ஆகவே 7/2. 2⅓ என்றால் 7/3. 7/2 × 7/3 = 49/6 = 8⅙. நான்கு துண்டும் தானாகவே உள்ளே வந்துவிட்டன.

இந்த மாற்றும் படியில் வரும் பிழை பெரும்பாலும் அவசரத்தால் வருவது. 3⅖ஐ 17/5 என்று எழுத வேண்டிய இடத்தில், 3ஐத் தொகுதியான 2ஆல் பெருக்கி 5ஐக் கூட்டி 11/5 என்பார்கள். வேறு சிலர் எண்களை அப்படியே ஒட்டி 32/5 என்பார்கள். 11/5 என்பது இரண்டுக்குச் சற்றுக் கூட, 32/5 ஆறைத் தாண்டும். 3⅖ஓ மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பது. ஒரு பார்வையிலேயே பிழை தெரியும்.

அடுத்தது வெட்டுதல். பெருக்கிய பிறகு பெரிய எண்ணைச் சுருக்குவதைவிட, பெருக்கமுன் பொதுக் காரணியால் வெட்டுவது நல்லது. 2¾ × 3⅕ஐ எடுங்கள். 11/4 × 16/5. 4உம் 16உம் 4ஆல் வெட்டுப்படும்: 11/1 × 4/5 = 44/5 = 8⅘. வெட்டாமல் போனால் 176/20 வரும். அதுவும் சரிதான், ஆனால் சுருக்கும்போது தடுமாற இடம் இருக்கிறது. வெட்டுவது எப்போதும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத்தான். இரண்டு தொகுதிகளை ஒன்றோடொன்று வெட்டினால் விடையின் பெறுமானமே மாறிவிடும். முழுதாக வெட்டுப்பட்ட இடத்தில் மிஞ்சுவது 1, பூச்சியம் அல்ல. கலப்பு எண்ணாக இருக்கும்போதே வெட்டவும் கூடாது: 2⅔ × 1½ இல் முன்னால் நிற்கும் 2ஐயும் ½இன் 2ஐயும் வெட்டுகிறவர்கள் உண்டு. முதலில் 8/3 × 3/2 என்று மாற்றுங்கள், பிறகு வெட்டினால் விடை 4.

முழு எண்ணால் பெருக்கும்போது அதற்குக் கீழே 1 போட்டுக்கொள்ளுங்கள். 4 × 3/5 என்பது 4/1 × 3/5 = 12/5. மேலும் கீழும் இரண்டையும் 4ஆல் பெருக்கி 12/20 என்று எழுதினால், அது பழைய 3/5 தான், வேறு வடிவத்தில். பொதுப் பகுதி எடுத்துப் பெருக்குவதும் இப்படியே வில்லங்கம்: 2/3 × 3/4ஐ 8/12 × 9/12 ஆக்கிவிட்டு, கூட்டல் ஞாபகத்தில் பகுதியை 12ஆகவே விட்டால் 72/12 = 6 என்று வரும். ஒன்றைவிடச் சிறிய இரண்டு பின்னங்களைப் பெருக்கி ஆறு வருமா? சரியான விடை ½.

ஆகவே பேனை எடுக்கமுன் ஒரு மதிப்பீடு செய்யப் பழக்குங்கள். 2¾ × 3⅕ எங்கே விழும்? 2 × 3 = 6 இலும் கூட, 3 × 4 = 12 இலும் குறைய, ஏறக்குறைய 3 × 3 = 9. வந்த விடை 8⅘, பொருந்துகிறது. இந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் தன் பிழையைத் தானே பிடிக்க வராது.

‘இன்’ வந்தாலும் பெருக்கல்தான். தம்பலகாமத்தில் 1¼ ஏக்கர் வயல், அதில் 2/5 பங்கு விதைத்தாகிவிட்டது என்றால் 1¼ இன் 2/5, அதாவது 5/4 × 2/5 = ½ ஏக்கர். பேர்ச்சில் சரிபார்க்கலாம்: ஒரு ஏக்கர் 160 பேர்ச், 1¼ ஏக்கர் 200 பேர்ச், அதன் 2/5 பங்கு 80 பேர்ச். அரை ஏக்கரும் 80 பேர்ச்தான்.

ஒன்று மட்டும் கலப்பு எண், மற்றது முழு எண் என்றால் பிரித்துப் பெருக்குவதில் பிழை இல்லை. மீன் கிலோ 1600 ரூபா, வாங்குவது 1¾ கிலோ: 1600உம் அதன் முக்கால் 1200உம் சேர்ந்து 2800. சந்தையில் நிற்கும்போது 7/4 × 1600 போடுவதைவிட இதுவே வேகம். கொப்பியில் எந்த வழியில் செய்தாலும் சரி.

செய்து பார்க்க: 3/4 × 2/9, 6 × ⅝, 2¼ × 1⅓, 3⅓ × 2⅖, 1⅞ × ⅘, கடைசியாக மூன்று உறுப்புடன் 1⅔ × 9/10 × 2⅖.

விடைகள் வரிசையாக: ⅙, 3¾, 3, 8, 1½, 3⅗.