அமேசனுக்குப் போக முதல் தண்ணி மட்டத்தைப் பாருங்கோ

போன மாதம் என் தங்கச்சியின் மகன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். "மாமா, அமேசனுக்குப் போகப் போறன். எந்த ஹோட்டலில நிக்கிறது?" என்று கேட்டான். "எந்த மாதம் போறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "லீவு கிடைக்கிற மாதம்" என்றான். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அமேசனில் ஹோட்டல் கடைசிக் கேள்வி. மாதம்தான் முதல் கேள்வி. மாதத்தைப் பொறுத்துத் தண்ணி மட்டம் மாறும். நீங்கள் எதைக் காணப்போகிறீர்கள், எதில் போகப்போகிறீர்கள், எந்தக் கரையில் இறங்கப்போகிறீர்கள் என்பதையெல்லாம் அந்த மட்டம் தீர்மானிக்கும்.

நான் ஊர்காவற்றுறையான். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் வேலை, கடைசிப் பதினொரு வருடம் போசன், அதாவது கப்பல் தட்டு வேலையாட்களுக்குத் தலைவன். 1998இல் ஒரு கொள்கலன் கப்பலில் முதல் தடவை அந்த ஆற்றுக்குள் போனேன். பிரேசிலின் மக்கபா நகரத்துக்குப் பக்கத்தில் ஃபசெந்தீன்யா என்ற இடத்தில், கப்பலுக்கு ஆற்றில் வழி காட்டுகிற பைலற்மார் ஏறினார்கள். அங்கிருந்து மனாவுஸ் வரை இரவும் பகலும் ஓட்டம்தான். மனாவுஸ் நகரம் கடலிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. எங்கட நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி முழுதுமே 335 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆறு என்றால் மழை பெய்தால் ஓடி, மாசி பங்குனியில் காய்ந்து போகிற வழுக்கையாறு. அப்படி வளர்ந்தவன் கப்பலின் முன்னணியத்தில் நின்று, இரண்டு கரையும் தெரியாத நல்ல தண்ணியைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. ஆனால் கப்பல்காரனுக்கு இறங்கிப் பார்க்க நேரம் இல்லை. பெட்டிகளை இறக்கி ஏற்றித் திரும்பிவிட்டோம். ஓய்வு பெற்ற பிறகு 2016 ஜூனிலும் 2022 ஒக்ரோபரிலும் என் காசில் போனேன். ஒரே ஆறு, ஆனால் இரண்டு வேறு நாடுகளுக்குப் போய் வந்தது போல இருந்தது.

மனாவுஸில் ஆறு ஜூனில் உச்சத்துக்கு வரும். ஒக்ரோபர், நவம்பரில் அடிக்கு இறங்கும். சாதாரண வருடத்திலேயே இரண்டுக்கும் இடையில் பத்து மீற்றர் அளவு வித்தியாசம் இருக்கும். துறைமுகத்தில் 1902 முதல் மட்டம் குறித்து வருகிறார்கள். 2021இல் 30.02 மீற்றர் வரை ஏறியதுதான் அந்தப் பதிவின் மிகப் பெரிய வெள்ளம். 2023 ஒக்ரோபரில் 12.70 மீற்றருக்கு இறங்கியது. 2024இல் அதற்கும் கீழே போனது. எங்கட வீட்டுக் கிணறு மார்கழியில் கைக்கெட்டும். ஆடி ஆவணியில் கயிறு முழுக்க விட்டாலும் வாளி கல்லில் முட்டும். அங்கே அப்படி ஏறி இறங்குவது ஒரு முழு ஆறு, இரு கரைக் காட்டையும் சேர்த்துக்கொண்டு.

ஜூனில் போனால் காடு தண்ணிக்குள் நிற்கும். சின்ன வள்ளம் மரங்களின் கிளைகளுக்கு இடையால் போகும். ஒக்ரோபரில் அண்ணாந்து பார்க்க வேண்டிய கொப்பு ஜூனில் உங்கட முகத்துக்கு நேரே இருக்கும். குரங்குகளையும், சோம்பல் என்ற பொருளிலேயே 'பிரெகீசா' என்று அவர்கள் அழைக்கும் அந்த மெல்ல அசையும் மரவிலங்கையும் நான் கிட்டத்தில் கண்டது அப்போதுதான். தம்பாக்கி என்றொரு மீன் காட்டுக்குள் நீந்திப் போய், விழுகிற பழங்களையும் றப்பர் விதைகளையும் பல்லால் உடைத்துத் தின்னும். மரத்தடியில் வள்ளத்தை நிறுத்திச் சத்தம் போடாமல் இருந்தால் விதை தண்ணியில் விழுகிற சத்தமும், பின்னாலே மீன் புரளுகிற சத்தமும் கேட்கும். ஆனால் மீன்கள் காடெங்கும் பரந்து போயிருப்பதால் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல காலம் அல்ல. ஒக்ரோபரில் எல்லாம் மாறிவிடும். மணல் திட்டுகள் எழும்பும், சந்தாரெம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்ட்டெர் டோ ஷவுன் ஊரில் வெள்ளை மணல் கரைகள் வெளிப்படும், வற்றுகிற குளங்களில் மீனும் பறவையும் முதலையும் நெருங்கிக் கிடக்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஜூன், ஜூலைதான் என் பதில். வற்று காலத்தில் போக நினைத்தால் மனாவுஸ் துறைமுகம் நாளாந்தம் வெளியிடும் மட்டத்தை ஒரு மாதத்துக்கு முன்னிருந்தே பாருங்கோ. 2023 வரட்சியில் பல கிராமங்களுக்குப் படகே போக முடியவில்லை. தெஃபே ஏரியின் தண்ணி 39 பாகைக்கு மேல் சூடாகி 150க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் (டொல்பின்கள்) செத்து மிதந்தன. அதைச் செய்தியில் பார்த்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது எந்தத் தண்ணி என்ற கேள்வி. மனாவுஸுக்குக் கிட்ட இரண்டு பெரிய ஆறுகள் சேருகின்றன. ரியோ நேக்ரோ பிளேன்ரீ நிறம், சொலிமோயிஸ் (மேல் அமேசனுக்கு அங்கே அதுதான் பெயர்) பால்ரீ நிறம். ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தூரம் இரண்டும் கலக்காமல் பக்கத்துப் பக்கமாக ஓடும். நேக்ரோ வெப்பம் கூடியது, மெல்ல ஓடுவது. சொலிமோயிஸ் குளிர்ச்சியானது, வேகமானது, அந்தீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருவதால் கனதியானது. இதைப் பார்க்கச் சுற்றுலாப் படகுக்குப் பெரிய காசு கொடுக்கத் தேவையில்லை. சேயாசா துறையிலிருந்து கரெய்ரோவுக்குப் போகிற பாதைப் படகு அந்தக் கோட்டைக் குறுக்கறுத்துத்தான் போகும். காரைநகர்ப் பாதை மாதிரி வாகனங்களும் சனமுமாகப் போகிற படகுதான். சின்ன வள்ளம் பிடித்தால் கோட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பாருங்கோ, வெப்ப வித்தியாசம் விரலில் தெரியும்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இந்த நிறம்தான் உதவும். நேக்ரோவின் கறுப்புத் தண்ணி புளிப்புத் தன்மை கொண்டது, அதில் நுளம்பு குறைவு. சின்னப் பிள்ளைகளோடு போனால் அந்தப் பக்கம், அதுவும் நோவோ ஐராவுன் ஊரையொட்டி நூற்றுக்கணக்கான தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அனவில்யானஸ் நல்லது. ஆனால் கறுப்புத் தண்ணியில் சத்துக் குறைவு, அதனால் மீனும் விலங்கும் குறைவு. விலங்கு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நுளம்பைச் சகித்துக்கொண்டு வண்டல் தண்ணிப் பக்கம் போங்கோ. தெஃபேக்கு அருகில் உள்ள மமிராவுவா காப்பகத்தில் சிவந்த முகமும் வெள்ளை மயிரும் உள்ள வகாரிக் குரங்குகள் இருக்கின்றன.

இனிப் படகு. விமானத்தில் பறந்து காட்டு விடுதியில் இறங்கித் திரும்புகிறவர்கள் ஆற்றைக் காண்பதில்லை. ஊர்ச்சனம் போகிற இரண்டு மூன்று தட்டுப் படகில் போங்கோ. அதில் கட்டில் இல்லை. நாங்கள் குழந்தைக்குக் கட்டுகிற ஏணையைப் பெரியவருக்குப் பெரிதாகக் கட்டினது போல ஒன்றை எல்லோரும் கொண்டு வந்து கட்டிக்கொள்வார்கள். 'ரேட்' என்று எழுதி 'ஹேஜி' என்று சொல்வார்கள். மனாவுஸ் துறைமுகத் தெருக்களில் விற்கும். நைலோன் வாங்காதீர்கள், வேர்க்கும். தடித்த பருத்தித் துணியில் அகலமானதாகப் பாருங்கோ. இரண்டு துண்டுக் கயிறு, ஒவ்வொன்றும் மூன்று மீற்றர். கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி இரண்டு அரைமுடிச்சுப் போட்டால் போதும். முடிச்சை எவ்வளவு கூட்டுகிறீர்களோ இறங்கும்போது அவ்வளவு சிரமம். நேராகப் படுத்தால் முதுகு வளையும், மூலைக்கு மூலை சாய்வாகப் படுங்கோ.

இடம் பிடிப்பதுதான் முக்கியம். படகு பின்னேரம் வெளிக்கிடுமென்றால் காலையிலேயே போய்க் கட்டிவிடுங்கோ. மலசலகூடத்துக்கும் எஞ்சினுக்கும் மேல் தட்டுப் பாட்டுப் பெட்டிக்கும் தூரமாக, ஓரத்துக்குக் கிட்ட. 2016இல் நான் பிந்திப் போய், பின்பக்கத்தில் எஞ்சினுக்கு மேலே கட்ட வேண்டி வந்தது. கப்பல் எஞ்சினோடு வாழ்ந்த எனக்கே அந்த இரண்டு இரவும் நித்திரை இல்லை. ஓடுகிற படகில் இரவு குளிர்காற்று அடிக்கும், ஒரு போர்வை கட்டாயம். கடவுச்சீட்டும் காசும் இடுப்பில் இருக்கட்டும், பையைத் தூணோடு பூட்டி வையுங்கோ. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஏறினவுடன் பார்த்து வைக்க வேண்டும். இதை ஒரு கடலோடியாகச் சொல்கிறேன், விட்டுவிடாதீர்கள்.

எந்தத் திசையில் போவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கீழ்நோக்கிப் போகிற படகு நீரோட்டத்தைப் பிடிக்க ஆற்றின் நடுவால் போகும். கரை ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். மேல்நோக்கிப் போகிற படகு ஓட்டம் குறைந்த கரையோரமாகப் போகும். வீடுகள், பள்ளிக்கூட வள்ளங்கள், கொப்பில் இருக்கிற சிகானாப் பறவைகள் எல்லாம் கிட்டத்தில் தெரியும். சிகானாவின் குஞ்சுக்கு இறகில் நகம் இருக்கும், அதைப் பிடித்துக் கிளையில் ஏறும். கடலுக்குக் கிட்ட உள்ள பெலெம் நகரத்திலிருந்து மனாவுஸ் வரை மேலேறப் பல நாள் பிடிக்கும். அவ்வளவு லீவு இல்லாதவர்கள் சந்தாரெமுக்குப் பறந்து, அங்கிருந்து மனாவுஸுக்கு மேலேறுங்கோ, இரண்டு நாள் அளவு. வழியில் ஓபிடோஸ் வரும். முழு அமேசனும் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் அகலத்துக்குள் ஒடுங்கி, 60 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் போகிற இடம். இரவில் கடந்தாலும் எழும்பி நின்று பாருங்கோ.

சந்தாரெமில் ஒரு நாள் கூட நில்லுங்கோ. அங்கே அமேசனோடு சேருகிற தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்துதான் 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய எங்கட சனத்தின் கதை அந்த ஆற்றங்கரையில் தொடங்கினது. அந்தக் கரையில் நின்றபோது நான் அவர்களைத்தான் நினைத்தேன்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். 1619இலிருந்து 1658 வரை போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டு விட்டுப் போன சொற்கள் அங்கே கைகொடுக்கும். கதிரைக்கு அவர்கள் 'கதெய்ரா' என்பார்கள், குசினிக்கு 'கொசீன்யா', துவாய்க்கு 'துவால்யா', சப்பாத்துக்கு 'சபாத்து', மேசைக்கு 'மேசா', ஜன்னலுக்கு 'ஜனேலா', பாணுக்குப் 'பவுங்'. படகுச் சமையல்காரியிடம் "பவுங்" என்று கேட்டு வாங்கிய முதல் காலை எனக்கு அந்நிய நாடு என்ற எண்ணமே போய்விட்டது.

சாப்பாடு சோறு, பீன்ஸ், இறைச்சி, மேலே தூவ மரவள்ளி மா. மரவள்ளியே அந்தக் கண்டத்திலிருந்துதான் எங்கட தோட்டத்துக்கு வந்தது. கைப்பு மரவள்ளியைப் பிழிந்த சாற்றைக் கொதிக்க வைத்து நஞ்சை எடுத்துத் 'துக்குப்பி' என்று குழம்புக்கு விடுகிறார்கள். சைவக்காரர் கவனம்: பீன்ஸிலும் பெரும்பாலும் இறைச்சித் துண்டு கிடக்கும். பாண், வாழைப்பழம், கஜு கையில் வைத்திருங்கோ. மச்சக்காரர் மனாவுஸின் பழைய இரும்புச் சந்தையில் பிரருக்கூக் கருவாட்டைப் பாருங்கோ. மூன்று மீற்றர் வரை வளரக்கூடிய, மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன். பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருப்பார்கள். வாசனை எனக்குக் குருநகரை நினைவூட்டியது.

இளஞ்சிவப்பு ஓங்கிலைக் காண விடியப்புறம் எழும்புங்கோ. முதுகில் உயர்ந்த செட்டை இல்லாததால் கண்ணுக்கு முதல் காதுக்குத்தான் தெரியும், மூச்சு விடுகிற சத்தம் வரும். சிறு ஆறுகள் வந்து விழுகிற முகங்களில் பொறுமையாக இருந்தால் போதும். மீன் கொடுத்து அவற்றைக் கிட்டக் கூப்பிடுகிற இடங்களுக்கும், பிரெகீசாவையோ முதலைக் குட்டியையோ பிடித்துக் கையில் தந்து படம் எடுக்கிற வழிகாட்டிகளிடமும் போகாதீர்கள். முன்கூட்டியே "தொட மாட்டம், பார்த்தால் காணும்" என்று சொல்லி விலை பேசுங்கோ. மணல் கரையில் குளிக்க இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி உரசி நடவுங்கோ. அங்கே ஆற்றிலேயே திருக்கை இருக்கிறது, மணலுக்குள் புதைந்து கிடக்கும். எங்கட கடலேரியில் இறால் பிடிக்கிறவர்கள் நடக்கிற நடைதான்.

கடைசியாகக் கடதாசி, மருந்து. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், கொழும்பில் பிரேசில் தூதரகம் இருக்கிறது, நேரத்தோடு கேளுங்கோ. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முதல் போட வேண்டும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். அந்த அட்டை திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலும் தேவை. மலேரியாத் தடுப்புக் குளிசையை மலேரியாத் தடை இயக்கத்திடம் கேட்டு வாங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கோ. 2016இலிருந்து இலங்கை மலேரியா இல்லாத நாடு. அதனால் இளம் டொக்டர்மாருக்கு அந்த நினைப்பு உடனே வராது. வந்து சில மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வசனமாக "நான் அமேசனுக்குப் போய் வந்தனான், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கோ" என்று சொல்லுங்கோ.